உப்புத்தாளும் ஒரு ஹெரால்டும்

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம், இன்று ஐ.டி. கம்பெனிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கிற இடத்தில், ஒரு காலத்தில் கார் செய்தார்கள். தகரத்தை அடித்து, வளைத்து, எஞ்சினைக் கோத்து, பெயிண்ட் அடித்து, சாலையில் இறக்கினார்கள். சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் கைகோத்து 1948-இல் உருவாக்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அது. வேன்கார்டு, ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10, பென்னன்ட் என்று வரிசையாக வந்தபின் 1961-இல் ஹெரால்டு வந்தது. அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே பெயருக்குள் இந்தியாவின் கார் ஆசை முழுவதும் அடங்கியிருந்த காலம். கல்கத்தாவில் ஒன்று, பம்பாயில் ஒன்று, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒன்று.

1972-இல் ஹெரால்டின் முகத்தை மாற்றி கெசல் என்று விட்டார்கள். 1977-இல் அதுவும் நின்றது. சில வருஷம் வேன் மட்டும் ஓடியது. 1985-இல் ரோவர் காரின் உடம்புக்குள் பழைய வேன்கார்டு வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சினை இறக்கி ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைச் செய்தார்கள். உடம்பின் கம்பீரத்துக்கு எஞ்சின் ஈடுகொடுக்கவில்லை. 1988-இல் கதவை மூடினார்கள். ஒரு தலைமுறை வேலை பார்த்த அந்த இடம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இன்று மிச்சமிருப்பது எது? வீட்டு ஷெட்டுகளில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் வண்டிகள்தான். அவற்றில் ஒன்றைப் பிரித்துப் பூட்டுகிற எவரும், தெரிந்தோ தெரியாமலோ, மூடப்பட்ட ஒரு தொழிற்சாலைக்குள் கால் வைக்கிறார்.

வீட்டு ஷெட்டில் வைத்துப் பிரிக்க ஹெரால்டைப் போலத் தோதான கார் வேறில்லை. அதற்கு ஒரு வியாபாரச் சங்கடம்தான் காரணம். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடம்பு செய்து கொடுத்துவந்தது ஃபிஷர் அண்டு லட்லோ என்ற நிறுவனம். 1953-இல் அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடம்பையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆள் இல்லை. சரி, துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்துவாங்கி, தனியான சேஸிஸின் மேல் போல்ட்டுப் போட்டு முடுக்கிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். இத்தாலியர் ஜியோவானி மிகலோட்டி அதற்கு வடிவம் கொடுத்தார். கம்பெனியின் நிர்வாக இயக்குநர் அலிக் டிக் தன் படகின் பெயரையே காருக்கு வைத்தார். 1959-இல் இங்கிலாந்தில் அது ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. மற்ற கார்களெல்லாம் ஒரே கூடான உடம்புக்கு மாறிக்கொண்டிருந்தபோது, சேஸிஸும் போல்ட்டுமாக வந்த இந்த வண்டி பழைய பாணி என்று சிலருக்குப் பட்டது. ஆனால் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி, தொலைதூரத்து ஊர் ஒன்றில் பூட்டி ஓட்ட அதைவிட வசதி ஏது? பெருங்களத்தூருக்கு அது வந்த வழி அதுதான். அறுபது வருஷம் கழித்து, ஒரு பெட்டி ஸ்பேனரும் இரண்டு ஆளும் இருந்தால் முழு வண்டியையும் தரையில் பரப்பிவிட முடிவதும் அதே காரணத்தால்தான்.

பானெட்டைத் திறப்பதிலேயே அதன் குணம் தெரிந்துவிடும். பக்கத்துக்கு ஒரு கொக்கியை விடுவித்துவிட்டு, கண்ணாடிப் பக்கம் பிடித்து முன்னால் தள்ளினால், இரண்டு மட்கார்டும் விளக்குகளுமாக மூக்கு முழுவதும் கவிழ்ந்து முன்பக்கம் சாய்கிறது. எஞ்சின், ஸ்டியரிங், முன் ஆக்சில் வேலை எல்லாம் வெட்டவெளியில். டயரின் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றலாம். 948 சி.சி. எஞ்சின், இன்றைய சின்னக் காரின் எஞ்சின் அளவுகூட வராது. சக்கரத்தை முழுக்க ஒடித்தால் வண்டி சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். சந்துகளுக்கென்றே செய்ததுபோல.

பிரிக்கத் தொடங்குகிறவர் முதல் நாளே ஒரு தவறைச் செய்வார். ஹெரால்டின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குல போல்ட் 12.7 மில்லிமீட்டர். வீட்டில் இருக்கும் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் அதில் அழகாக நுழையும், லேசாக ஆடும். அந்த 0.3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். துருவேறி இறுகிய போல்ட்டை ஒரு அழுத்து அழுத்தினால் அதன் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிடும். பிறகு வெல்டிங்காரர் வந்து தலையின் மேல் ஒரு நட்டை ஒட்டித் திருகி எடுக்க வேண்டும், அல்லது கேஸில் சூடு காட்ட வேண்டும். ஒரு செட் அங்குல ஸ்பேனர் வாங்காமல் இந்த வண்டியைத் தொடவே கூடாது. கழற்றிய ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி, கழற்றும் முன் போட்டோ எடுத்து வைக்காதவர்கள், ஆறு மாதம் கழித்து மிஞ்சிய வாஷர்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

அடுத்தது துரு. மாமல்லபுரம் கரையில், கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜன்னல் கம்பி, கேட்டுக் கீல், ஏ.சி. பெட்டி என்று எதைத் தொட்டாலும் கையில் செம்மண் நிறம் ஒட்டும். கடற்காற்றில் வருவது வெறும் சமையல் உப்பு மட்டும் என்றால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால்தான் கசியும். கூடவே வரும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துக்கொண்டு தண்ணீராகிவிடும். இந்தக் கரையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்கும் நாள் அபூர்வம். ஆகவே மழையே படாத ஷெட்டுக்குள் நிற்கும் காரின் தகரம்கூட, கண்ணுக்குத் தெரியாமல், வருஷம் முழுக்க நனைந்தபடிதான் இருக்கிறது. ஹெரால்டின் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் போகும். மேலே பெயிண்ட் பளபளக்கும். அடியில் படுத்துச் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தால் ‘டங்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘பொத்’ என்று கேட்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் அப்பளம்போல உள்ளே போகும்.

தேய்க்கிற தாளுக்குத் தமிழில் உப்புத்தாள் என்று பெயர். உப்பு தின்ற இரும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறோம். ஒரு மட்கார்டைப் பொறுமையாக, தண்ணீர் தொட்டுத் தேய்த்துக்கொண்டே போனால், மரத்தை வெட்டிய இடத்தில் வளையம் தெரிவதுபோல நிறங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். மேலே யாரோ அடித்த சிவப்பு. அதற்கடியில் பட்டி. அதற்கும் அடியில் ஒரு வெள்ளை. கடைசியாக, ப்ரைமருக்கு முன்னால், பெருங்களத்தூரில் அடித்த முதல் நிறம், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. அந்தக் காசளவு இடத்தைத் தேய்த்து அழித்துவிடாமல் நிறுத்துவதற்குக் கைக்குக் கட்டுப்பாடு வேண்டும். பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவருக்குக் காட்ட அதுதான் ஒரே சாட்சி.

சின்ன பாகங்களுக்குத் தேய்ப்பே தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் டிரம், தண்ணீர், சலவை சோடா, பழைய பேட்டரி சார்ஜர், ஒரு துண்டு பழைய இரும்பு. துருப்பிடித்த பாகத்தில் மைனஸ், பழைய இரும்பில் பிளஸ். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் எடுத்தால் துரு கறுத்த சேறாக உதிர்ந்துவிடும். வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும், ஹைட்ரஜன் வரும். எவர்சில்வர் கரண்டியைப் பிளஸ் பக்கம் மாட்டவே கூடாது. அதிலிருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் கலக்கும். எட்டாத மூலைகளுக்குத் துருவைக் கறுப்புப் படலமாக மாற்றும் டானிக் அமிலம் கலந்த திரவம் கடையில் விற்கிறது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியவர்கள் அதே வேதியியலைத்தான் கையாண்டார்கள்.

ஆனால் எது செய்வதானாலும் முதலில் உப்பைக் கழுவி எடுக்க வேண்டும். உள்ளே உப்பை வைத்து மேலே பெயிண்ட் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும். இதைக் கடற்கரைக் கோயிலில் போய்க் கற்றுக்கொள்ளலாம். அங்கே தொல்லியல் துறையினர் காகிதக் கூழை நல்ல தண்ணீரில் ஊறவைத்துச் சுவரில் அப்புகிறார்கள். கூழ் காயக் காயக் கல்லுக்குள் ஊறிய உப்பு வெளியேறிக் கூழில் ஏறிக்கொள்கிறது, பிறகு உரித்தெடுத்துவிடுகிறார்கள். அலையைத் தடுக்கக் கல் அணை, காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் கருங்கல்லுக்கே அவ்வளவு பாதுகாப்பு வேண்டியிருக்கும்போது, ஒரு மில்லிமீட்டர் கனத் தகரம் எம்மாத்திரம்?

துருவை விட அபாயமான இடம் ஒன்று உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருப்பார்கள். அது பித்தளை நிறக் குடுவை ஒன்றுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ட்ரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு மரைக்குள்ளேயே திரும்பும். அங்கே எண்ணெய் நிற்க வேண்டும். ஆனால் கிரீஸ் கன் பொருந்துகிற மாதிரி அதில் ஒரு துவாரம் இருப்பதால், எத்தனையோ பேர் கிரீஸை அடித்துவைத்தார்கள். கிரீஸ் காய்ந்து கட்டிதட்டும். அடியில் தண்ணீர் தங்கும். மரை துருவேறித் தேயும். ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் அப்படியே மடங்கி மட்கார்டுக்குள் விழும். பழைய மெக்கானிக்கிடம் வேலை கற்ற பையன்கள் வாங்கிய முதல் திட்டே இதற்காகத்தான் இருக்கும்: “டேய், அங்க கிரீஸ் கன்ன வைக்காத. தொண்ணூறு ஆயில் எடு.” அந்த ஒரு வாக்கியம் தெரிந்த கைகளில் வண்டி அரை நூற்றாண்டு ஓடியது. இத்தனைக்கும் இந்த முன் சக்கர அமைப்பு நல்ல அமைப்பு. லேசாகவும் உறுதியாகவும் இருந்ததால் இங்கிலாந்தில் பந்தயக் கார் செய்தவர்களே இந்தத் தண்டை வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள். குறை வண்டியில் இல்லை. அதைப் பராமரிக்கும் அறிவு கைமாறாமல் போனதுதான் குறை. கெசலில் பின்பக்கத் தனித்தனி சஸ்பென்ஷனை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்சிலைப் போட்டதற்கும் நம் மெக்கானிக்குகளுக்கு அந்தப் பழைய அமைப்பு பழகவில்லை என்பதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

பாகங்கள் தேடுவது தனிப் பயணம். சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் தொடங்கிப் புதுப்பேட்டைச் சந்துகளில் முடியும். இங்கிலாந்தில் சுமார் ஐந்து லட்சம் ஹெரால்டுகள் செய்தார்கள். அங்கே ட்ரையம்ஃப் கார்களுக்கென்றே உதிரி பாகக் கடைகளும் ஆர்வலர் சங்கங்களும் இருக்கின்றன. ரப்பர், ட்ரன்னியன், கிளட்ச் என்று எதைக் கேட்டாலும் தபாலில் வந்துவிடும். ஒரு பொருள் மட்டும் வராது. அங்கே செய்த ஹெரால்டு சலூனுக்கு இரண்டே கதவு. முன் சீட்டை மடித்துத்தான் பின்னால் ஏற வேண்டும். பாட்டி, அத்தை, குழந்தைகள் என்று ஒரு வண்டியில் ஏழு பேர் ஏறும் ஊரில் அது எடுபடுமா? 1960-களின் பிற்பகுதியில் இங்கே நான்கு கதவு வைத்தார்கள். நான்கு கதவு ஹெரால்டு உலகத்திலேயே இந்தியாவில் மட்டும்தான் உண்டு. அதன் பின்கதவு துருப்பிடித்துப் போனால் இங்கிலாந்தில் கேட்டும் பயனில்லை. அங்கே அது என்றைக்குமே இருந்ததில்லை.

அப்போது டிங்கர் வர வேண்டும். நல்ல டிங்கர் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது ஒரு பேறு. இடது கையில் கீழே பிடிக்கும் இரும்புக் கட்டை, வலது கையில் சுத்தியல். கண்ணை விட உள்ளங்கையைத்தான் நம்புவார். தகரத்தின் மேல் கையை ஓட்டி, மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று தடவித் தெரிந்துகொண்டு, எதிர்ப்பக்கக் கதவை அளவாக வைத்து வளைவைக் கொண்டுவருவார். அளவு குறித்த வரைபடம் எதுவும் அவரிடம் இருக்காது. மாமல்லபுரத்துத் தெருக்களில் காலையிலிருந்து கேட்கும் உளிச் சத்தமும் இந்தச் சுத்தியல் சத்தமும் உறவுக்காரச் சத்தங்கள். உளிக்காரர்களுக்கு 1957 முதல் அந்த ஊரிலேயே ஒரு சிற்பக் கல்லூரி இருக்கிறது. அவர்கள் கல் வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அது முழுத் தகுதியோடு கிடைத்த மரியாதை. டிங்கருக்கு அப்படி எதுவும் இல்லை. வெல்டிங் புகையும் பட்டித் தூளும் சுவாசித்து அவர் ஓய்ந்தால் அந்தப் பின்கதவின் வளைவும் அவரோடு ஓய்ந்துவிடும்.

எவ்வளவு செப்பனிடலாம், எங்கே நிறுத்தலாம் என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்திலேயே இரண்டு பதில் இருக்கிறது. மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்கள். ஏழாம் நூற்றாண்டில் பாறையைச் செதுக்கி எடுத்தவை. ஒன்றும் நகர்ந்ததில்லை. அடிப்பகுதி சரியாக முடிக்கப்படாமலே நிற்கிறது. இன்றைக்கும் அதை முடித்துக்கொடுக்கக்கூடிய கை அந்த ஊரில் இருக்கிறது. ஆனால் யாரும் தொட மாட்டார்கள், தொடக்கூடாது. அங்கிருந்து செங்கல்பட்டுக்குத் திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம். சித்திரையில் அங்கே தேர் ஓடும். தேர் என்பது ஓட வேண்டியது. அச்சு போனால் அச்சை மாற்றுவார்கள், உளுத்த மரத்தை எடுத்துப் புது மரம் வைப்பார்கள். பல ஊர்த் தேர்களுக்கு மரச் சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்துவிட்டது. அதனால் அது வேறு தேர் ஆகிவிட்டதாக வடம் பிடிக்கிறவர் ஒருவரும் நினைப்பதில்லை.

ஹெரால்டு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஓடாத கார் சீக்கிரம் சாகும். ரப்பர் சீல் காயும், பெட்ரோல் டேங்கில் கசடு படியும், பிரேக் சிலிண்டர் இறுகும். ஆகவே டயர், ஓஸ், ஒயரிங், பிரேக் எல்லாம் தயங்காமல் புதிதாகப் போட வேண்டியவை. அதில் பழமை பேசுவது உயிரோடு விளையாடுவது. ஆனால் எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுக் காரின் எஞ்சினை இறக்குவதும், டேஷ்போர்டைப் பிடுங்கி டச் ஸ்கிரீன் வைப்பதும், தொழிற்சாலையிலிருந்து வந்ததை விடப் பளபளப்பாகக் கண்ணாடி போல் பாலிஷ் போடுவதும் செப்பனிடுவது ஆகாது. 948 சி.சி. எஞ்சின் மூச்சு வாங்குகிற வேகம்தான் அந்தக் காலத்தின் வேகம். அதை மாற்றினால் மிஞ்சுவது ஹெரால்டின் சட்டை மட்டும்.

சட்டமும் இப்போது ஏறக்குறைய இதையே சொல்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். சேஸிஸ், உடம்பு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும். தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற காரியங்களுக்கு மட்டும் சாலையில் இறக்கலாம். ஹெரால்டுகள் ஐம்பதைத் தாண்டிவிட்டன. கடைசிக் கெசல்கள் 2027-இல் தாண்டும். பழைய இரும்பு விலைக்குக் காயலான் கடைக்குப் போகாமல் இருக்க இது ஒரு வேலி. வேலி போட்டால் மட்டும் போதாது என்பது வேறு விஷயம்.

ஏனென்றால் இந்த மாவட்டத்துக்குக் கார் என்பது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. பெருங்களத்தூர் மூடி ஏழெட்டு ஆண்டுக்குள் ஃபோர்டு வந்தது. மறைமலை நகரில் ஆலை எழுந்தது. 2021 செப்டம்பரில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022 ஜூலையில் கடைசிக் காரை வெளியே விட்டார்கள். மகிந்திரா சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் பூட்டப்படுகின்றன. இப்படி எழுபது ஆண்டுக்கு மேலாகக் கார் செய்த மண்ணில் அந்த உழைப்புக்கு ஒரு கூடம் இல்லை. கோவையில் ஜி.டி. நாயுடுவின் பெயரில் 2015 முதல் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. வடபழனியில் ஏவி.எம். ஸ்டுடியோ 2023-இல் தன் பழைய கார்களை மக்கள் பார்வைக்கு வைத்தது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் அங்கே மையமாக நிற்பது சேகரித்தவர்களின் ஆசை. செய்தவர்களின் கைக்கு இடம் தருகிற ஒன்று செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் வர வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு பெரிய கொட்டகை, உள்ளே பிரித்து வைத்த ஒரு நான்கு கதவு ஹெரால்டு, பக்கத்தில் ஐ.டி.ஐ. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு டிங்கர். மாவட்ட நிர்வாகம் மனசு வைத்தால் முடியாத காரியம் இல்லை.

அதற்குக் காத்திருக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டாண்டர்டு கம்பெனியில் வேலை பார்த்தவர்களில் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை அவர்கள் வீட்டு அலமாரிகளில் சர்வீஸ் மேனுவல், பாகங்களின் பட்டியல், குழு போட்டோ, யூனியன் நோட்டீஸ், சம்பளச் சீட்டு என்று ஏதாவது இருக்கும். வீடு மாறும்போது அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ அங்கே எந்தப் பிரிவில் நின்றார், கையில் எந்தக் கருவி இருந்தது என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். காகிதங்களை ஒப்படைக்கத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. வீட்டில் ஒரு ஹெரால்டு நின்றால், விற்பதற்கு முன் அதன் அடியில் ஒருமுறை படுத்துப் பாருங்கள்.